பூச்சிப்பல்: ஒரு சொல்லின் வரலாறு

தமிழ் எழுத்துகள் பிறக்கும் இடங்களைச் சொல்ல வந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் சேர்த்து எட்டாக எண்ணுகிறார். நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தாமல் தகரமும் நகரமும் பிறப்பதில்லை. பல்லும் இதழும் இயையாமல் வகரம் இல்லை. இலக்கணக்காரர்களுக்குப் பல் பேச்சின் உறுப்பு என்றால், காதலைப் பாடிய புலவர்களுக்கு அது முத்து, முல்லை அரும்பு. வள்ளுவர் ஒரு குறளில் (1121) காதலியின் எயிற்றில் ஊறும் நீரைப் பாலும் தேனும் கலந்த சுவையோடு ஒப்பிடுகிறார். எயிறு, மூரல், முறுவல், நகை என்று பல்லையும் அது காட்டும் சிரிப்பையும் சுட்ட எத்தனை சொற்கள்!

ஆனால் நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறவர்க்கு இச்சொற்கள் எவையும் உதவுவதில்லை. அப்போது நமக்கு வாய்க்கும் சொல் ஒன்றுதான்: பூச்சி. "பல்லில் பூச்சி விழுந்துவிட்டது", "பூச்சி அரித்துவிட்டது" என்று சொல்கிறோம். பூச்சிப்பல், சொத்தைப்பல், ஈழத்தில் சூத்தைப்பல் என்று வழங்கும் பெயர்கள் எல்லாம் ஏதோ ஓர் உயிர் உள்ளே புகுந்து தின்றுவிட்டது என்ற எண்ணத்தையே சுமந்து நிற்கின்றன. சொத்தை என்பது கத்தரிக்காய்க்கும் சொல்லும் சொல் என்பதை நண்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். காயை அறுத்துப் பார்த்துப் புழுவைக் கண்ட உழவனின் கண், பல்லில் இருந்த கருந்துளையையும் அதே கண்ணால் பார்த்தது. இந்தப் பார்வையின் வரலாறு மிக நீண்டது. அது தமிழருக்கு மட்டும் உரியதும் அன்று. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், அதனினும் பழைய ஒரு பலகையைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டது அது. அதில் உள்ளது பல்வலிக்கான மந்திரம். மந்திரம் உலகத் தோற்றத்திலிருந்து தொடங்குகிறது. வானக் கடவுள் வானத்தைப் படைத்தான். வானம் பூமியையும், பூமி ஆறுகளையும், ஆறுகள் கால்வாய்களையும், கால்வாய்கள் சேற்றையும் படைத்தன. சேறு புழுவைப் படைத்தது. புழு தெய்வங்களின் முன் சென்று அழுதது. எனக்கு உண்ண என்ன தருவீர்கள் என்று கேட்டது. கனிந்த அத்திப்பழம் தருகிறோம் என்றனர். புழு அதை ஏற்கவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே எனக்கு இடம் தாருங்கள், அங்கிருந்து உதிரத்தைக் குடித்துக்கொள்கிறேன் என்றது. அதன்மேல் சாபம் விழுகிறது. பின்னர் மருந்து கலக்கும் முறையும் மந்திரத்தை மூன்று முறை ஓதும் முறையும் சொல்லப்படுகின்றன.

ஒரு பல்வலியைச் சொல்ல உலகத்தின் படைப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறோம். பல்வலியை அனுபவித்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

நம் நாட்டிலும் இதே எண்ணம் நூலேறியிருக்கிறது. சுசுருத சம்ஹிதை பல் நோய்களை வகுக்கும்போது, பல் கறுத்துத் துளை விழுந்து, காரணமின்றி வலிக்கும் நோய்க்குக் கிருமிதந்தம் என்று பெயரிடுகிறது. கிருமி என்றால் இங்கே புழு. வைணவ குருபரம்பரைக் கதைகளில் வரும் கிருமிகண்ட சோழனின் கழுத்தில் இருந்ததும் புழுதான். இதே கிருமி என்ற சொல்லை இருபதாம் நூற்றாண்டுத் தமிழ், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் நுண்ணுயிருக்கு எடுத்துக்கொண்டது. புழுவைக் குறித்த சொல் பாக்டீரியாவைக் குறிக்கத் தொடங்கியபோது, பல் நோயைப் பொறுத்தவரை சொல் மாறாமலே பொருள் சரியானது. பூச்சி என்ற சொல்லுக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை.

*

புழு இருக்கிறதென்றால் அதை வெளியேற்றும் வழியும் இருக்க வேண்டும் அல்லவா? முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், ஒரு செடியின் விதைகளை நெருப்பிலிட்டு அதன் புகையை வாயில் பிடிக்கச் சொன்னார். அவ்வாறு செய்தால் சிலபோது சிறு புழுக்கள் வெளியே வரும் என்றும் எழுதினார். அந்தச் செடி நம் நாட்டு மருந்துக் கடைகளில் குரோசாணி ஓமம் என்று வழங்குவது. ஓமம் என்று பெயர் இருந்தாலும் அது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பா முழுவதும் இந்தப் புகை மருத்துவம் நூற்றாண்டுகள் பல நீடித்தது.

தமிழ்நாட்டில் அதே மருத்துவத்தைக் கண்டங்கத்தரி செய்தது. அதன் பழத்து விதையைத் தணலில் போட்டு, எழும் புகையைப் பல்லில் படும்படி பிடிப்பது நம் கிராமங்கள் நன்கறிந்த வைத்தியம். கண்டங்கத்தரியும் கத்தரிக் குடும்பம்தான் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

புகை பிடித்தபின் வெண்ணிறமான சிறு நெளிவுகள் விழுவதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது விதை. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான ஷேஃபர் என்பவர், பற்களில் இருப்பதாகக் கற்பனை செய்யப்படும் புழுக்களைப் பற்றி 1757இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். விதை சூட்டில் வெடிக்கும்போது அதனுள் வளைந்து சுருண்டு கிடக்கும் முளைக்கரு வெளியே தெறிக்கிறது. அதுவே புழுவாகத் தோற்றம் அளிக்கிறது என்று அதில் விளக்கினார். வாயே இல்லாத இடத்தில் விதையைச் சுட்டாலும் அந்தப் 'புழு' கிடைக்கும். கத்தரிக் குடும்பத்து விதைகளில் முளைக்கரு இவ்வாறு வளைந்திருப்பது இயல்பு. பற்புழுவை விரட்டும் மருந்தே பற்புழுவைப் பெற்றெடுத்துக் கொண்டிருந்தது!

சரி, வலி நின்றதே, அது எப்படி என்ற கேள்வி எழும். குரோசாணி ஓமத்தில் நரம்பை மந்தப்படுத்தும் பொருட்கள் உள்ளன; புகை சிறிது ஆறுதல் தந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான 'குணங்களுக்கு'க் காரணம் வேறு. சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவிலுள்ள கூழை எட்டும்போது தாங்க முடியாத வலி வருகிறது. சில நாட்களில் அங்குள்ள நரம்பு செத்துப்போகிறது, வலியும் நின்றுவிடுகிறது. நோயாளி பூச்சி செத்தது என்று நினைக்கிறார். செத்தது அவருடைய நரம்பு. நோய் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியாக மீண்டும் வெளிப்படும்போது, அது முந்தைய வலியின் தொடர்ச்சி என்று அவருக்குத் தோன்றுவதில்லை. முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படும் நிலை உயிருக்கே ஆபத்தானது. பல்வலி தானாக நின்றுவிட்டது என்பது நிம்மதிக்கு உரிய செய்தி அன்று. மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டியதற்கான அறிகுறி. இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே இவ்வளவு வரலாற்றையும் சொல்லலாம் என்பது நம் எண்ணம்.

*

புழுவை வாயிலிருந்து வெளியேற்றியவர்கள் மூவர் எனலாம். முதலாமவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக். தாமே தேய்த்தெடுத்த கண்ணாடி வில்லைகளால் உலகத்தைப் பார்த்தவர். நாள்தோறும் உப்பால் பல் தேய்க்கும் பழக்கமுடைய அவர், அவ்வளவுக்குப் பிறகும் பல்லிடுக்கில் எஞ்சியிருந்த வெண்மாவு போன்ற பொருளை எடுத்துப் பார்த்தார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்துவதைக் கண்டு 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தம் நாட்டு மக்கள்தொகையைவிடத் தம் வாயில் வாழும் உயிர்களின் தொகை மிகுதி என்று அவர் வியந்தார்.

இரண்டாமவர் பாரிஸ் நகரத்துப் பியர் ஃபோஷார். 1728இல் அவர் வெளியிட்ட பல் மருத்துவ நூலே இத்துறையின் முதல் முழுமையான நூலாகப் போற்றப்படுகிறது. நுண்ணோக்கியில் தேடியும் புழு ஒன்றையும் காணவில்லை என்று எழுதிய அவர், சர்க்கரையின் மீது ஐயம் கொண்டார். அதே ஃபோஷார், வாய் கொப்பளிக்கச் சிறுநீரையும் பரிந்துரைத்தவர் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. அறிவு ஒரே நாளில் விடிவதில்லை.

மூன்றாமவர் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர். வாயில் உள்ள நுண்ணுயிர்கள் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன, அந்த அமிலமே பல்லின் மேலோட்டைக் கரைக்கிறது என்று 1890இல் வெளிவந்த நூலில் அவர் நிறுவினார். இங்கே கதை தலைகீழாகத் திரும்புகிறது. பல்லை எந்த உயிரும் தின்பதில்லை. அது நாம் தின்றதைத் தின்கிறது. அதன் கழிவில் பல் கரைகிறது. பாபிலோனியப் புழு தெய்வங்களிடம் உணவு கேட்டு அழுதது. உண்மையான கிருமிக்கு அந்த அவசியமே இல்லை. அதற்கு நாமே நாள்தோறும் படைத்துக்கொண்டிருக்கிறோம்.

எவ்வளவு படைக்கிறோம் என்பதைவிட எத்தனை முறை படைக்கிறோம் என்பது முக்கியம். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலத்தன்மை கூடுகிறது. அது இயல்புக்குத் திரும்ப அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதைத் திருப்பிக் கொண்டுவருவதில் பெரும்பங்கு உமிழ்நீருக்கு உண்டு. வள்ளுவர் பாடிய எயிற்று நீருக்குச் சுவையோடு இந்தத் தொழிலும் இருக்கிறது! மணிக்கொருமுறை சர்க்கரை போட்ட தேநீரைப் பருகுகிறவரின் உமிழ்நீருக்கு ஓய்வும் இல்லை, வெற்றியும் இல்லை. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுவதால், பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தையின் முன்பற்கள் முதலில் கரைகின்றன.

இந்த அறிவுக்கு மனிதகுலம் கொடுத்த விலையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சுவீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்னும் விடுதி இருந்தது. அறிவுவளர்ச்சி குன்றியவர்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். 1945 தொடங்கிச் சில ஆண்டுகள் அவர்களுள் 400க்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர்க்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்கள் உணவு வேளைகளுக்கு இடையே அளிக்கப்பட்டன. அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பலருடைய பற்கள் சிதைந்தன. 1954இல் வெளிவந்த முடிவுகள், ஒட்டும் இனிப்பை உணவுக்கு இடையிடையே தின்பதே மிகப் பெரிய கேடு என்று காட்டின. சுவீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தரும் வழக்கம் இதன்பின் வேரூன்றியது. நம் பிள்ளைகளுக்கு இன்று மருத்துவர் சொல்லும் அந்த எளிய அறிவுரைக்குள், பெயர் தெரியாத அந்த விடுதிவாசிகளின் பற்கள் இருக்கின்றன.

சர்க்கரையின் கதையில் தமிழரின் பங்கும் கசப்பானது. ஐரோப்பியரின் தேநீர்க் கோப்பைக்கு இனிப்புத் தந்த கரும்பை முதலில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டினர். அடிமை முறை ஒழிந்தபின் மொரிஷியசிலும் நேட்டாலிலும் பிஜியிலும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவர்களும் வெட்டினர். பிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் விட்டதை வாசகர்கள் அறிவர்.

*

பூச்சியைப் போலவே நம்மைத் திசைதிருப்பும் இன்னொரு சொல் உண்டு. பல் துலக்குதல், பல் விளக்குதல் என்கிறோம். துலக்குவதும் விளக்குவதும் பித்தளைப் பாத்திரத்தை மினுங்கச் செய்யும் வேலை. சொல்லிலேயே நோக்கம் தெரிகிறது.

தொடக்கத்தில் நம் முறை மென்மையானதாகவே இருந்தது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, காலையில் செய்ய வேண்டியவற்றுள் பல்குச்சி மெல்லுவதைச் சேர்க்கிறது. குச்சியைக் கோல் என்று சொல்கிறது. சுசுருதர் குச்சிக்குப் பன்னிரண்டு விரற்கடை நீளம் வகுத்து, கசப்பு மரங்களுள் வேம்பைச் சிறந்ததாகச் சொன்னார். 671இல் சீனாவிலிருந்து புறப்பட்டு நாளந்தாவில் ஆண்டுகள் பல தங்கிய பௌத்தத் துறவி இத்சிங், இந்தியர் காலைதோறும் குச்சியை மென்று நாக்கை வழித்து வாய் கொப்பளிப்பதை வியந்து எழுதி வைத்தார். ஆலையும் வேலையும் பல்லுக்குரியனவாகச் சொல்லும் நம் பழமொழி, அதே மூச்சில் நாலடியையும் குறளையும் சொல்லுக்குரியனவாகச் சொல்வது தொல்காப்பியரின் கணக்கோடு ஒத்துப்போகிறது.

குச்சியோடு சாம்பலும் உமிக்கரியும் செங்கற்பொடியும் வாய்க்குள் வந்தன. இவை பாத்திரத்துக்கு ஏற்றவை. பல்லின் மேலோடு தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஈறோரத்தில் பள்ளம் விழுந்து, குளிர்ந்த நீர் பட்டதும் கூசித் துடிக்கும் முதியவர்களின் பற்கள் பல, பல்லாண்டுத் துலக்கலின் விளைவு. பின்னர் கடைப் பல்பொடிகளின் காலம். 1913இல் மைசூர் நாட்டின் நஞ்சன்கூட்டில் தொடங்கிய வைத்தியசாலையின் பல்பொடி தமிழகமெங்கும் பரவியது. கோபால் பல்பொடியின் விளம்பரம் இலங்கை வானொலி வழியாக ஒரு தலைமுறையின் காதுகளில் ஒலித்தது. 1938இல் நைலான் இழைத் தூரிகை வந்தது. எம்.ஜி.ஆர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகப் பல்பொடி வழங்கியது. ஏழைப் பிள்ளையின் பல்லும் பொதுக் கவலை என்று ஓர் அரசு கருதிய செயலாக அதை மதிக்கலாம். மறுபுறம், புகையிலை கலந்த பல்பொடியும் பற்பசையும் தடையின்றி விற்றன. 1992இல்தான் மத்திய அரசு அவற்றைத் தடை செய்தது.

துலக்கத் துலக்கப் போகாத கறையும் உண்டு. சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பழுப்புக் கறை படிந்த பற்களோடும் விறைத்த முதுகோடும் வாழ்ந்த மக்களை ஆராய்ந்த மருத்துவர்கள், நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளூரைடே காரணம் என்று 1937இல் வெளியிட்டனர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் துயரமும் அதுவே. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வரும்வரை அங்கே தலைமுறைகள் அந்த நீரையே குடித்தன. சரியாகத் துலக்காத பிள்ளை என்று ஏச்சு வாங்கிய பிள்ளைகள் அங்கே எத்தனை பேரோ! கறை அவர்களுடைய சோம்பலில் இல்லை, கிணற்றில் இருந்தது.

அதே ஃபுளூரைடு சிறு அளவில் பல்லின் மேலோட்டை உறுதிப்படுத்துகிறது. இன்றைய பற்பசையின் உண்மையான பணி அதுதான். நுரையும் மணமும் மினுக்கமும் அதற்குப் பின்னரே. ஆகவே மென்மையான இழைகளுள்ள தூரிகையால், அழுத்தாமல், இரண்டு நிமிடம், காலையிலும் உறங்கப் போகுமுன்னும் தேய்த்தால் போதும். நுரையைத் துப்பியபின் நிறைய நீர்விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் பசையின் பயன் சிறிது நேரம் தங்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசை, ஆறு வயது வரை பட்டாணியளவு. வேப்பங்குச்சியை விரும்புகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. இரவில் ஃபுளூரைடு பசையையும் சேர்த்துக்கொள்ளலாம். விட வேண்டியது பாக்கு. புகையிலை இல்லாத தாம்பூலமும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ கண்டால் காத்திருக்கலாகாது.

*

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவியவர் ரஃபியுதீன் அகமது. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அதற்குமுன் நம் மூதாதையர்க்குக் கிடைத்தவை கண்டங்கத்தரிப் புகையும், சந்தையில் குறட்டோடு உட்கார்ந்திருந்தவரின் கையும்தான். ஆகவே அவர்களுடைய நம்பிக்கையை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. கையில் இருந்ததைக் கொண்டு வலியோடு போராடினார்கள்.

ஆனால் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கும்போதும், பூச்சி தானே சாகும் என்று காத்திருப்பதும், மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அஞ்சுவதும், விழப்போகிற பால்பல்தானே என்று பிள்ளையின் சொத்தையை விட்டுவிடுவதும் இன்றும் நடக்கின்றன. கண்ணுக்கும் மேற்பல்லுக்கும் செல்லும் நரம்புக் கிளைகள் வெவ்வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. பால்பல்லின் அடியில் நிலைப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலே பரவும் சீழ் அதையும் கெடுக்கக் கூடும். தொடக்கத்திலேயே காட்டினால் ஒரு சிறு அடைப்போடு முடியும். தாமதித்தால் வேர்சிகிச்சை, அதற்கும் தாமதித்தால் பல்லையே எடுக்க வேண்டும். அப்படிப் பல்லை இழந்தவர்க்கு உணவோடு தகரமும் வகரமும் தடுமாறும்.

பூச்சிப்பல் என்ற சொல்லை அகராதியிலிருந்து நீக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. சொற்கள் பழைய வீடுகளைப் போன்றவை. கட்டியவர்களின் கவலைகள் அவற்றின் சுவர்களில் இருக்கும். வீட்டை வைத்துக்கொண்டே விளக்கை மாற்றிக்கொள்ளலாம். பூச்சி என்று பிள்ளையிடம் சொல்லும்போது, அது வெளியிலிருந்து வந்த புழு இல்லை, நாம் தின்ற இனிப்பில் வளர்ந்தது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால் போதும்.

கொங்குநாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இந்நோய்க்கு வேறு பெயர்கள் வழங்கக்கூடும். அறிந்த நண்பர்கள் எழுதினால், அச்சொற்களையும் சேர்த்து இந்த வரலாற்றை இன்னும் நிறைவாக்கலாம்.